வரையத் தெரிந்தால் போதுமா? டாட்டூ தொழிலில் இருபது வருடம் நிற்பது பற்றி

"நன்றாக வரைவேன். இருக்கிற வேலையை விட்டுவிட்டு டாட்டூ கலைஞராகலாம் என்று பார்க்கிறேன். எந்த மெஷின் வாங்கலாம், எத்தனை மாதத்தில் சம்பாதிக்கத் தொடங்கலாம், இது கடைசிவரை சோறு போடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி மூன்றாக இருந்தாலும் உங்களுக்கு வேண்டியது கடைசிக் கேள்விக்கான பதில்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். மெஷினுக்கு ஒரு பத்தி போதும். எத்தனை மாதம் என்பதற்கு யாராவது உறுதியாக ஒரு கணக்குச் சொன்னால் நம்பாதீர்கள். இருபது வருடம் தாக்குப்பிடிக்க முடியுமா என்பதற்குத்தான் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

குத்தி முடித்த கையோடு எடுக்கும் படத்தில் யாருடைய வேலையும் அழகாகத்தான் தெரியும். கறுப்பு கன்னங்கரேலென்று இருக்கும், கோடு கூர்மையாக இருக்கும். இரண்டு மாதம் கழித்து, மூன்று வருடம் கழித்து அதே கை எப்படி இருக்கிறது என்பதில்தான் குத்தியவரின் கைவண்ணம் தெரியும். அடுத்த வாடிக்கையாளரை உங்களிடம் கூட்டி வரப்போவது அந்த ஆறிய கைதான். கீழே நான் சொல்லும் எல்லாவற்றையும், விலை நிர்ணயம் உட்பட, இதை வைத்தே சொல்கிறேன்.

தோலிலிருந்து ஆரம்பிப்போம். மேல்தோல் உடம்பின் பெரும்பகுதியில் ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன்தான். அது உரிந்து உரிந்து புதிதாக வளர்வதால் அங்கே மை தங்காது. அதற்குக் கீழே உள்ள உள்தோலில், தோராயமாக 1 முதல் 2 மி.மீ. ஆழத்தில் மை உட்கார வேண்டும். மேலோட்டமாகக் குத்தினால் பொருக்கு உதிரும்போதே கோடு விட்டுவிட்டுப் போய்விடும். ஆழம் கூடினால் மை கொழுப்புப் படலத்தில் இறங்கிக் கோட்டைச் சுற்றி நீலம் கசிந்த மாதிரி பரவும். இதைத்தான் ப்ளோஅவுட் என்கிறார்கள். கோடு விட்டுப்போனால் மறுபடி குத்திச் சரிசெய்யலாம், ப்ளோஅவுட்டை அப்படித் திருத்த முடியாது. மணிக்கட்டின் உட்புறம், பாதத்தின் மேற்புறம், விலா, முழங்கையின் மடிப்பு ஆகிய மெல்லிய தோல் உள்ள இடங்களில்தான் இது அதிகம் நடக்கும். புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் அங்கேதான் சின்னச் சின்ன டாட்டூ போட்டுப் பழகுகிறார்கள் என்பது ஒரு வேடிக்கை.

மை ஏன் நிற்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். உள்தோலில் இருக்கும் மேக்ரோஃபேஜ் எனும் தற்காப்புச் செல்கள் மைத்துகளை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அந்தச் செல் இறந்தால் துகள் வெளியே விழும், அடுத்து வரும் செல் அதை விழுங்கிக்கொள்ளும். எலிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2018-ல் இதைக் காட்டியது. தோலுக்குள் மை அசையாத சாயம் அல்ல என்பதால், எவ்வளவு சுத்தமாகப் போட்ட கோடும் வருடங்கள் போகப்போகக் கொஞ்சம் தடிக்கும். எனவே வடிவமைக்கும்போதே கோடுகளுக்கு நடுவே இடம் விட வேண்டும். எழுத்து குத்தும்போது இது பளிச்சென்று தெரியும். ண, ஞ, ஜ, இ மாதிரிச் சுழி உள்ள எழுத்துகளை 4, 5 மி.மீ. உயரத்தில் குத்தினால் குத்திய அன்று அச்சுப்போல இருக்கும். சில வருடத்தில் சுழிக்குள் இருக்கும் வெள்ளை அடைபட்டு, பெயர் ஒரு கறுப்புப் புள்ளிவரிசை ஆகிவிடும். வாடிக்கையாளர் சிறிதாகத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், பெரிதாக்கலாம் அல்லது எழுத்தைக் குறைக்கலாம் என்று சொல்லுங்கள். இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த வேலையை விட்டுவிடுங்கள்.

காகிதத்தில் நன்றாக வரைவதற்கும் இதற்கும் உள்ள தூரத்தை ஒரே ஒரு கோட்டில் காட்டலாம். காகிதம் நகராது, இழுபடாது, மூச்சு விடாது. முன்கையில் பத்து செ.மீ. நீளக் கோடு ஒன்று போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மெஷின் இல்லாத கைதான் பாதி வேலை செய்யும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தோலை எதிரெதிர்ப் பக்கம் இழுக்க, மெஷின் பிடித்த கையின் விளிம்பு மூன்றாவது பக்கம் இழுக்க வேண்டும். தோல் மேளத்தோல் மாதிரி விறைப்பாக இல்லையென்றால் ஊசி குத்தி வெளியே வரும்போது தோலையும் சேர்த்துத் தூக்கும், கோடு நடுங்கும். ஊசியை ஏறக்குறைய நேராகப் பிடிக்க வேண்டும். அதிகம் சாய்த்தால் மை ஒரு பக்கமாகத் தோலுக்குள் ஒதுங்கும், அதுவும் ப்ளோஅவுட்தான். அசைவு விரலிலிருந்து வரக்கூடாது, முழங்கையிலிருந்து வர வேண்டும். மெஷின் வேகமும் கை வேகமும் ஒத்துப்போக வேண்டும். கை முந்தினால் கோடு புள்ளிபுள்ளியாக விழும், கை பிந்தினால் தோல் கடிபட்டுத் தழும்பாகும். எத்தனை வோல்ட் வைப்பது என்று எல்லோரும் கேட்பார்கள். மெஷினுக்கு மெஷின் அது மாறும் என்பதால் அடுத்தவர் சொல்லும் எண்ணால் பெரிய பயன் இல்லை. சத்தத்தையும் கோட்டையும் கவனித்துத்தான் பிடிக்க முடியும்.

ஸ்டென்சில், அதாவது வரைந்த படத்தின் கோடுகளைத் தோலில் பதிக்கும் தாள். இந்த விஷயத்தில் இரண்டு தவறு திரும்பத் திரும்ப நடக்கும். ஒட்டியதும் காயவிடாமல் ஆரம்பிப்பது ஒன்று. பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால் பாதி வேலைக்கு நடுவே அழியாது. வலது கைக்காரர் மேல் இடது மூலையில் ஆரம்பிப்பது இன்னொன்று. அப்படிச் செய்தால் ஒவ்வொரு முறை மையைத் துடைக்கும்போதும் கீழே இருக்கும் ஸ்டென்சில் சேர்ந்து போகும். கீழ் வலது மூலையில் ஆரம்பித்து மேலே போங்கள். ஆளைப் படுக்க வைத்து ஸ்டென்சில் ஒட்டாதீர்கள், இயல்பாக நிற்கச் சொல்லி ஒட்டுங்கள். படுத்தபோது நேராக இருந்த வட்டம் எழுந்து நின்றதும் முட்டையாகிவிடும்.

மெஷின்: பேனா வடிவ ரோட்டரி (மோட்டாரில் ஓடும் மெஷின்) ஒன்று, ஸ்ட்ரோக் (ஊசி மேலும் கீழும் போய் வரும் தூரம்) 3.5 மி.மீ. அளவில், பெயர் தெரிந்த தயாரிப்பாக இருந்தால் போதும். இரண்டு மூன்று வருடத்துக்கு அதிலேயே எல்லாம் செய்யலாம். கார்ட்ரிட்ஜில் (ஊசிகள் பொருத்திய, கழற்றி மாட்டும் முனை) உள்ளே மெம்ப்ரேன் எனும் தடுப்புச் சவ்வு உள்ளதை மட்டுமே வாங்குங்கள். அது இல்லாததில் மையும் இரத்தமும் பின்னால் ஏறி மெஷினுக்குள் போகும், அடுத்த ஆளுக்கு அதுவே தொற்று. 1207ஆர்எல் என்று எழுதியிருந்தால் 12 என்பது 0.35 மி.மீ. தடிமன் கொண்ட ஊசி, 07 என்பது ஏழு ஊசிகள், ஆர்எல் என்பது ரவுண்ட் லைனர், கோடு போடும் வட்ட ஊசிக்கட்டு. 10 என்றால் 0.30 மி.மீ. தொடக்கத்தில் 3, 7, 9 ஊசி லைனரும் நிழல் போட 9, 13 ஊசி வளைந்த மேக்னமும் இருந்தால் பயிற்சிக்குத் தாராளம். மிச்சப் பணத்தைக் கையுறைக்கும் கிருமிநாசினிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கற்றுக்கொள்வதில் என் கருத்து உறுதியானது. வேலை நடக்கும் ஸ்டூடியோவில் ஒருவரிடம் சேர்ந்து ஒன்று முதல் மூன்று வருடம் இருப்பதற்கு ஈடு இல்லை. சில நாள் வகுப்பில் சான்றிதழ் கிடைக்கும், தோல் பழக்கம் கிடைக்காது. வீட்டிலேயே கற்று முன்னுக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் முதல் ஐம்பது தவறுகளையும் நண்பர்களின் தோலில் செய்திருப்பார்கள். குருவைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆறிய வேலைகளின் படம் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் வேறிடம் பாருங்கள். அரை நாள் உட்கார்ந்து அவர் கையுறையோடு ஃபோனைத் தொடுகிறாரா என்று கவனியுங்கள். எவ்வளவு காலம், யார் யாருக்குப் பணம் தருவது, கற்று முடித்த பிறகு அங்கேயே எத்தனை வருடம் வேலை செய்ய வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையில் ஆரம்பித்த பயிற்சிகள்தான் சண்டையில் முடிகின்றன. முதல் சில மாதம் வரைவது, மேஜை துடைப்பது, சிலிக்கான் பயிற்சித் தோலில் கோடு போடுவது என்று போகும். செயற்கைத் தோல் இரத்தம் விடாது, வீங்காது, இழுத்துப் பிடிக்கவும் வேண்டாம். எனவே அதில் நன்றாக வருவது பாதி தேர்ச்சிதான்.

சுத்தத்தை ஒழுக்கப் பாடமாகப் பார்க்காதீர்கள், தொழிலின் ஆயுள் காப்பீடாகப் பாருங்கள். ஒரே ஒரு தொற்று நிரூபணமானால் பத்து வருடப் பெயர் ஒரு வாரத்தில் போய்விடும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் காய்ந்த மேற்பரப்பில் குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி விளக்கின் கைப்பிடியில் போன வாரம் பட்டிருந்தால் இன்றைக்கும் ஆபத்துதான். ஆகவே விளக்கு, ஸ்ப்ரே பாட்டில், மெஷின், வயர், கை வைக்கும் பலகை என்று வேலைக்கு நடுவே தொடக்கூடிய எல்லாவற்றின் மேலும் மெல்லிய பிளாஸ்டிக் உறை போட்டு, ஒவ்வொருவருக்கும் மாற்ற வேண்டும். உறை போடாத எதையும் தொடும் முன் கையுறையைக் கழற்ற வேண்டும். பிழை எப்போதும் இங்கேதான் நடக்கும். மை தீர்ந்துபோய், "ஒரு நொடிதானே" என்று அதே கையோடு பெரிய பாட்டிலை எடுப்பார்கள். தேவைக்கு அதிகமாகவே சின்னக் குப்பிகளில் முன்கூட்டி ஊற்றி வையுங்கள், மிஞ்சினால் கொட்டுங்கள். மறுபயன்பாட்டுக் கருவி வைத்திருந்தால் ஆட்டோகிளேவ் எனும், அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கருவி வேண்டும். உறையிட்ட கருவி என்றால் சாதாரண வகையில் 121 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம். உறையின் மேல் நிறம் மாறும் பட்டை சூடு பட்டதை மட்டுமே சொல்லும், கிருமி செத்ததைச் சொல்லாது. அதற்கு, சூட்டைத் தாங்கும் கிருமி வித்துகள் செத்தனவா என்று பார்க்கும் ஸ்போர் பரிசோதனை தனியாகச் செய்ய வேண்டும். எல்லாவற்றையும் ஒருமுறைப் பயன்பாட்டுக்கு மாற்றிக்கொண்டால் இந்தத் தலைவலியே இல்லை.

மையில் நீர் கலந்து நீர்க்கச் செய்வது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள ராச்செஸ்டரில் 2011-12-ல் ஒரே கலைஞரிடம் குத்திக்கொண்ட 19 பேருக்குத் தோலில் விடாத தடிப்புகள் வந்தன. காரணம் மைக்கோபாக்டீரியம் செலோனே எனும் கிருமி. அது வந்த வழி, நீர்த்துக் கலந்தே விற்பனைக்கு வந்த சாம்பல் நிற மை. காய்ச்சி வடித்த நீர் என்றால் கிருமி அற்ற நீர் என்று நினைக்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. சாம்பல் நிழலுக்கு நீர்ப்பதானால், ஊசி மருந்துக்குப் பயன்படும் தரத்தில் முத்திரையிட்ட ஸ்டெரைல் நீர் மட்டும்தான். வாங்கிய மையிலேயே கோளாறு இருக்கலாம் என்பதால் யாருக்கு எந்த மை, எந்தத் தொகுதி எண் என்று ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள். நாளைக்கு ஒருவர் புகாரோடு வந்தால் உங்களைக் காப்பாற்றப்போவது அந்த ஒரு வரிதான். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியிலிருந்து 4,000-க்கும் மேற்பட்ட இரசாயனங்களை டாட்டூ மையில் கட்டுப்படுத்தியிருக்கிறது. அந்த விதிக்கு உட்பட்டது என்று பாட்டிலில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்ல தொடக்கம். உரிமம், வயது வரம்பு, கழிவு அகற்றல் ஆகியவை இடத்துக்கு இடம் மாறும். அவற்றை உங்கள் உள்ளூர்ச் சுகாதாரத் துறையில் நேரில் கேட்டுக்கொள்வதே சரி.

மறுக்கத் தெரிவதும் தொழில்தான். குடித்துவிட்டு வருபவர், வயது குறைந்தவர், மச்சத்தின் மேலேயே குத்தச் சொல்பவர் ஆகியோருக்குக் குத்தக்கூடாது. மச்சம் புற்றாக மாறினால் காட்டிக்கொடுக்கும் அறிகுறிகளில் ஒன்று அதன் நிற மாற்றம், மை அதை மறைத்துவிடும். கீலாய்டு எனும் புடைத்து வளரும் தழும்பு வரும் உடம்பு, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர், கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர் என்றால் மருத்துவர் சொன்ன பிறகு பார்க்கலாம். ஒவ்வாமை அதிகம் வருவது சிவப்பு மையில் என்பது உறுதி. டாட்டூவால் புற்றுநோய் வருமா என்று வாடிக்கையாளர் கேட்பார். மைத்துகள் நிணநீர்க் கணுக்களுக்குப் போய்ச் சேர்வது நிரூபணமானது. 2024-ல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வொன்று டாட்டூ உள்ளவர்களுக்கு லிம்ஃபோமா எனும் நிணநீர்ப் புற்றுநோய் அபாயம் 21 சதவீதம் கூடுதலாகத் தெரிகிறது என்றது. ஆனால் டாட்டூதான் காரணம் என்று அது நிறுவவில்லை, மேலும் ஆய்வு வேண்டும் என்று செய்தவர்களே சொன்னார்கள். இதை இப்படியே சொல்லுங்கள். "ஒன்றுமே ஆகாது" என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

இனி பணம். புதியவர்கள் ஊசி ஓடும் நேரத்தை மட்டும் கணக்குப் போடுவதால்தான் நொடிக்கிறார்கள். மூன்று மணி நேர டாட்டூ ஒன்றுக்கு முன்பேச்சு, வரைதல், மாற்றி வரைதல், மேஜை தயார் செய்தல், ஸ்டென்சில், முடிந்ததும் பிரித்துத் துடைத்தல், பிறகு வரும் விசாரிப்புகள் எல்லாம் சேர்த்தால் ஐந்தாறு மணி ஆகிவிடும். வருடச் செலவு முழுவதையும், வீட்டுச் செலவும் வரியும் சேர்த்து எழுதுங்கள். வாரத்துக்கு ஊசி ஓடக்கூடிய மணி நேரத்தை நேர்மையாகப் போடுங்கள், பெரும்பாலும் அது இருபதைத் தாண்டாது. வருடத்தில் 44 வாரம் என்று வைத்தால் 880 மணி. செலவை இதால் வகுத்தால் வருவது உங்கள் மணிக்கட்டணத்தின் தரை. அதற்குக் கீழே போகும் ஒவ்வொரு வேலையும் கைக்காசு போட்டுச் செய்வதுதான். சின்ன டாட்டூவுக்கும் மேஜை தயாரிப்பு அதேதான் என்பதால் குறைந்தபட்சத் தொகை ஒன்று வைத்தே ஆக வேண்டும்.

முன்பணம் வாங்காமல் தேதி கொடுக்காதீர்கள். வராமல் போனால் திரும்பக் கிடைக்காது, 48 மணி நேரத்துக்கு முன் சொன்னால் வேறு தேதிக்கு மாற்றலாம் என்பதை எழுதியே அனுப்புங்கள். ஸ்டூடியோவில் சதவீதப் பங்கா, நாற்காலி வாடகையா என்ற கேள்வி வரும். பாதிக்குப் பாதி என்பது கொடுமையாகத் தெரியும், ஆனால் ஆள் வராத மாதத்தில் நீங்கள் கடன்படுவதில்லை. வாடகை முறையில் நாள் நிறைந்தால் லாபம், நிறையாவிட்டால் வாடகை உங்களைத் தின்னும். ஸ்டூடியோவுக்கு நீங்கள் கொடுக்கும் பங்குத்தொகை மூன்று மாதம் தொடர்ந்து வாடகையைத் தாண்டும்போது வாடகை முறைக்கு மாறுங்கள். பங்கில் ஊசி, மை, கையுறைச் செலவு யாருடையது என்று கேட்க மறக்காதீர்கள், பலர் அங்கேதான் ஏமாறுகிறார்கள். விலையை ஏற்றுவதற்குச் சரியான நேரம் இரண்டு மாதத்துக்கு முன்பதிவு நிறைந்து நிற்கும்போது. தள்ளுபடி கொடுத்து இழுத்த கூட்டம் அடுத்த தள்ளுபடிக்குத்தான் திரும்ப வரும். ஆறிய பிறகு ஒரு டச்சப் (விட்டுப்போன இடத்தைத் திருத்திக் குத்துவது) இலவசம் என்பது நியாயம். ஆனால் காலக்கெடு வையுங்கள், நாலு வாரத்துக்கு முன் தொடாதீர்கள்.

இப்போதைய வேலையை எப்போது விடலாம்? ஆறு மாத வீட்டுச் செலவு தனியாகக் கையில் இருந்து, அடுத்த எட்டு வாரமும் முன்பணத்தோடு நிறைந்திருந்தால் யோசிக்கலாம். அதுவரை வாரக் கடைசியில் போய்க் கற்பது அவமானம் இல்லை.

பலர் இந்தத் தொழிலை விட்டுப்போவதற்கு வாடிக்கையாளர் இல்லாதது காரணமே அல்ல, கழுத்தும் மணிக்கட்டும்தான். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டாட்டூ கலைஞர்கள் வேலை செய்யும்போதே தசைகளில் உணரி பொருத்தி அளந்தார்கள். கழுத்தின் அடியிலிருந்து தோளுக்குப் போகும் தசையில்தான் அழுத்தம் மிக மோசமாக இருந்தது. நீங்கள் குனிவதற்குப் பதில் வாடிக்கையாளரைத் திருப்புங்கள், உயர்த்துங்கள். சாய்த்து உயர்த்தக்கூடிய நாற்காலியும் நல்ல கைப்பலகையும் மெஷினுக்கு முன்பே வாங்க வேண்டியவை. பிடியில் சுற்றுப்பட்டை சுற்றித் தடிமனாக்கினால் விரல் இறுக்கிப் பிடிக்கும் விசை குறையும். முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள், தூரத்தில் இருக்கும் எதையாவது பாருங்கள். இரவில் விரல் மரத்துப்போய் விழித்தால் அது மணிக்கட்டு நரம்பு அழுத்தத்தின் தொடக்கமாக இருக்கலாம். "இன்னும் இரண்டு வாரம் பார்க்கலாம்" என்று தள்ளாமல் மருத்துவரிடம் போங்கள். வாரத்துக்கு நாலு நாள் ஊசி, ஒரு நாள் வரைதலும் கணக்கும் என்பது நீண்ட காலம் ஓடக்கூடிய அளவு.

படங்களைப் பற்றிச் சுருக்கமாக: ஆறியதையும் புதியதையும் அருகருகே போடுங்கள், லென்ஸில் போலரைசிங் ஃபில்டர் போட்டால் தோலின் மினுமினுப்பு அடங்கும், மாறுபட்ட தோல் நிறங்களில் செய்த வேலையைக் காட்டுங்கள். சமூக வலைக் கணக்கு ஒரே நாளில் முடங்கலாம், எனவே வாடிக்கையாளரின் அனுமதியோடு தொடர்பு எண்களைத் தனியாக வைத்திருங்கள். இன்னொருவர் ஒருவருக்காக வரைந்ததை அப்படியே நகலெடுக்காதீர்கள். சட்டம் ஒருபக்கம் இருக்க, இந்தத் தொழிலில் எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

எந்தப் பாணியைத் தேர்ந்தெடுப்பது என்பதில் மட்டும் யாராலும் உறுதி தர முடியாது. தடித்த கோடும் அடர்த்தியான கறுப்பும் பல பத்தாண்டுகள் தாங்கும் என்பதற்குச் சாட்சியாகப் பழைய தோல்கள் நிறைய இருக்கின்றன. ஒற்றை ஊசி மெல்லிய கோட்டுக்கும் நாணய அளவில் குத்தும் முகப்படங்களுக்கும் அத்தனை வயதான சாட்சிகள் இல்லை. இன்றைக்குக் கேட்டு வருபவர்கள் இவற்றைத்தான் அதிகம் கேட்கிறார்கள். இரண்டு பாணியில் கை பழகி வைத்திருப்பது என் பரிந்துரை: ஒன்று இன்றைய வருமானத்துக்கு, இன்னொன்று அது ஓய்ந்த பிறகு.

மெஷின் வாங்கும் முன் ஒன்று செய்துவிடுங்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியின் முதல் டோஸை இந்த வாரமே போட்டுக்கொள்ளுங்கள். வழக்கமான முறையில் இரண்டாவது ஒரு மாதம் கழித்து, மூன்றாவது ஆறாவது மாதத்தில். அது முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனையில் பார்க்கலாம். ஒழுங்காகக் கற்றால் அதற்கு முன் நீங்கள் உயிருள்ள தோலைத் தொடப்போவதில்லை.